தவக்காலத்துக்கு முந்திய கார்னிவல் விருந்து: 40 பேருக்கு என்ன இனிப்புச் செய்யலாம்?

உவர்மலை அடுப்பு கேட்டது:

2027இல் விபூதிப் புதன் பெப்ரவரி 10ஆம் திகதி வருகிறது. அதற்கு முந்திய சனிக்கிழமை, 6ஆம் திகதி மாலை, எங்கள் ஒழுங்கையில் கார்னிவல் விருந்து வைக்கிறோம். பிறையைப் பொறுத்து ரமழான் நோன்பும் அதே வாரத்தில்தான் தொடங்கும் என்பதால் எல்லா வீட்டாரும் ஒன்றாக இருந்து சாப்பிடக்கூடிய கடைசிச் சனி அது. பெரியவர்களும் பிள்ளைகளுமாக 40 பேர்.

கையில் இருப்பது 30 லீற்றர் மின் அவன், இரண்டு வாய் காஸ் அடுப்பு, ஒரு நடுத்தரக் குளிர்சாதனப் பெட்டி. ஐந்து பேர் முட்டை சாப்பிடமாட்டார்கள். ஜெலற்றின், ரம், பிராண்டி ஒன்றும் சேர்க்க முடியாது. சூடாகப் பரிமாற ஒன்று, முதல் நாளே செய்து வைக்க ஒன்று, கார்னிவல் நிறம் தெரிய ஒன்று என்று மூன்று வகை போதும். பெப்ரவரியில் வாடைக்காற்று இன்னும் ஓய்ந்திராது, பொரித்த பண்டம் ஒரு மணித்தியாலத்தில் நமத்துப்போகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள். அளவோடு சொன்னால் பெரிய உதவி.

---

தாச்சிக்காரி பதில்:

சூடாகப் பரிமாற மலாசாடாவே செய்யுங்கோ, ஈஸ்ட் மாவைப் பொரித்துச் சீனியில் புரட்டும் உருண்டை. போர்த்துக்கேயரின் அசோர் தீவுகளில் இருந்து ஹவாய் வரைக்கும் போன பண்டம். ஹவாயில் விபூதிப் புதனுக்கு முதல் நாளையே மலாசாடா நாள் என்றுதான் சொல்வார்கள். தவக்காலத்தில் முட்டையும் வெண்ணெயும் விலக்கியிருந்த காலத்தில், வீட்டில் மிச்சமிருந்ததை முடித்துவிடத்தான் இந்தப் பொரித்த பண்டங்கள் வந்தன. ஜேர்மனியின் பெர்லினர், போலந்தின் பொன்ச்கி எல்லாம் அதே கணக்குத்தான்.

ஒரு பங்குக்கு: கோதுமை மா 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சீனி 60 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, முட்டை 3, பால் 200 மில்லிலீற்றர், வெண்ணெய் 60 கிராம். 30 கிராம் உருண்டையாக 32 வரும். முட்டை போட்டது இரண்டு பங்கும் முட்டை இல்லாதது அரைப் பங்கும் செய்தால் 80 உருண்டை, ஆளுக்கு இரண்டு.

முட்டை இல்லாத மாவுக்கு, ஒரு முழுப் பங்குக் கணக்கில் 3 முட்டைக்குப் பதிலாக எருமைத் தயிர் 120 கிராமும் பால் இன்னும் 30 மில்லிலீற்றரும் விடுங்கோ. தயிரின் கொழுப்பு மாவை மெதுவாக வைத்திருக்கும். நிறம் கொஞ்சம் வெளிறித்தான் வரும், கூடப் பொரித்து நிறம் எடுக்கப் பார்க்கவேண்டாம், காய்ந்துபோகும். அந்த ஐந்து பேருக்காக இந்த அரைப் பங்கைப் புது எண்ணெயில் முதலில் பொரித்து எடுத்துவிட்டுத்தான் முட்டை மாவைத் தாச்சியில் போடவேண்டும். இதைப் பலர் யோசிப்பதில்லை.

எங்கள் ஊர்ச் சூட்டில் பாலைச் சூடாக்கவே தேவையில்லை. 30 பாகை அறையில் மா முக்கால் மணித்தியாலத்திலேயே இரண்டு மடங்காகிவிடும். ஒன்றரை மணித்தியாலம் என்று சமையல் குறிப்பில் இருப்பதை நம்பி விட்டால் புளித்து, பிசுபிசுத்து, பொரிக்கும்போது எண்ணெயைக் குடிக்கும். குளிர்ந்த பாலில் குழையுங்கோ. வெண்ணெயை மற்ற எல்லாம் ஒன்றுசேர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கையால் 10 முதல் 12 நிமிடம். மா கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மா தூவினால் வருவது மலாசாடா இல்லை, பணிஸ். கையில் எண்ணெய் பூசிக்கொண்டால் போதும்.

வெள்ளி இரவு குழைப்பதென்றால் ஈஸ்டை 5 கிராமாகக் குறைத்து, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் 10 முதல் 12 மணித்தியாலம் வையுங்கோ. குளிர்ந்த மா உருட்டவும் லேசு. உருண்டைகளை எண்ணெய் தடவிய சிறு காகிதத் துண்டுகளில் தனித்தனியே வைத்து, ஒன்றரை சென்ரிமீற்றர் தடிப்புக்கு அமர்த்தி, 45 முதல் 60 நிமிடம் பொங்கவிடுங்கோ. விரலால் மெல்ல அமர்த்தினால் பள்ளம் மெதுவாகப் பாதியளவு மேலே வரவேண்டும். உடனே துள்ளினால் இன்னும் காலம் வேண்டும். பள்ளம் அப்படியே கிடந்தால் கூடிவிட்டது, உடனே பொரியுங்கோ.

எண்ணெய் 175 பாகை. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் அந்தச் சூட்டுக்குக் கிட்டவே புகையத் தொடங்கும். அதனால் சூரியகாந்தி எண்ணெயோ வேறு சுத்திகரித்த மரக்கறி எண்ணெயோ எடுங்கோ. வெப்பமானி இல்லையென்றால் சுண்டைக்காய் அளவு மாவைப் போட்டுப் பாருங்கோ. அடிக்குப் போய் உடனே எழும்பி, ஒரு நிமிடமளவில் பொன்னிறமானால் சரி. அடியிலேயே கிடந்தால் எண்ணெய் குளிர், கால் நிமிடத்தில் கறுத்தால் கூடச் சூடு. கூடச் சூட்டில் வெளியே சிவந்து நடுவில் பச்சை மா நிற்கும். ஒரு தரத்துக்கு நாலைந்துக்கு மேல் போடவேண்டாம், எண்ணெயின் சூடு விழுந்துவிடும். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம்.

நமத்துப்போவதற்கு வழி: இதை முன்கூட்டிப் பொரித்து வைக்கவே கூடாது. ஆட்கள் வந்த பிறகு பொரித்து, கம்பித் தட்டில் ஒரு நிமிடம் வடியவிட்டு, சூடு இருக்கும்போதே சீனியில் புரட்டுங்கோ. சீனி 200 கிராமுக்குக் கறுவாத்தூள் இரண்டு தேக்கரண்டி. ஐசிங் சீனி தூவினால் படத்தில் அழகாகத்தான் இருக்கும், எங்கள் ஈரக்காற்றில் ஐந்து நிமிடத்தில் கரைந்து பசையாகிவிடும். எடுத்ததும் டப்பாவில் போட்டு மூடினாலும் உள்ளே ஆவி கட்டித் தோல் சுருங்கும்.

---

கழிமுகக் காற்று பதில்:

நிறத்துக்குக் கடற்பாசி (அகார்) ஜெலி செய்யுங்கள். ஜெலற்றின் பிரச்சினை அதோடு தீரும். ஜெலற்றின் 30, 35 பாகையிலேயே இளகிவிடும், மாலை மேசையில் நிற்காது. கடற்பாசி 35 முதல் 40 பாகையில் உறைந்தால் திரும்ப உருக 85 பாகை வேண்டும். பச்சை அன்னாசிச் சாறு ஜெலற்றினை உறையவிடாது, கடற்பாசியை ஒன்றும் செய்யாது.

மூன்று நிறமும் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் கார்னிவல் நிறங்கள்: ஊதா, பொன், பச்சை. அங்கு கார்னிவல் ஊர்வலம் நடத்தும் ரெக்ஸ் குழு 1872இல் தெரிந்தெடுத்தது. சாயப் போத்தல் இல்லாமலே மூன்றையும் எடுக்கலாம்.

23க்கு 33 சென்ரிமீற்றர் தட்டு ஒன்று. ஒவ்வொரு அடுக்குக்கும் மொத்தத் திரவம் 700 மில்லிலீற்றர், நாராக உள்ள கடற்பாசி 7 கிராம், சீனி 90 கிராம். கடற்பாசியை அரை மணித்தியாலம் ஊறவைத்து, பிழிந்து, 500 மில்லிலீற்றர் தண்ணீரில் காய்ச்சுங்கள். ஒரு நார்கூட இல்லாமல் கரைந்த பிறகுதான் சீனி. முதலே சீனி போட்டால் நார் கரைய மறுக்கும், கடைசியில் பல்லில் படும்.

ஊதாவுக்கு உலர்ந்த சங்குப்பூ 25ஐ 200 மில்லிலீற்றர் கொதிநீரில் போட்டு வடித்தால் நீலம் வரும். தேசிக்காய்ச் சாறு துளித்துளியாக விட்டால் ஊதாவாக மாறும். கூடினால் இளஞ்சிவப்புக்குப் போய்விடும், கவனம். பொன்னுக்கு அன்னாசிச் சாறு 200. பச்சைக்கு ரம்பை இலை பத்தை வெட்டி, 200 தண்ணீரில் அடித்து வடித்தது. இவற்றை அடுப்பை நிறுத்திய பிறகே சேருங்கள். புளிச்சாற்றோடு சேர்த்துக் காய்ச்சினால் கடற்பாசியின் பிடிப்புக் குறைந்துவிடும்.

அடுக்கு ஊற்றும் நேரம்தான் முக்கியம். கீழ் அடுக்கு உறைந்திருக்க வேண்டும், ஆனால் விரலில் லேசாக ஒட்டவேண்டும். அடுத்ததை 60 பாகையளவில், கரண்டியின் முதுகில் விழும்படி ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கீழ் அடுக்குக் கரைந்து நிறம் கலக்கும். கீழ் அடுக்கு முற்றாகக் குளிர்ந்த பிறகு ஊற்றினால் வெட்டும்போது தட்டுத் தட்டாக வழுக்கிப் பிரியும். பிந்திவிட்டால் மேற்பரப்பை முள்ளுக்கரண்டியால் லேசாகக் கீறிவிட்டு ஊற்றலாம். காத்திருக்கும் திரவம் சட்டியிலேயே உறைந்துவிடாமல் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துள் இறக்கி வையுங்கள். நாலு சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டினால் 40 துண்டு.

முதல் நாளே செய்வதற்கு வட்டிலப்பம். முட்டை 6, கித்துள் கருப்பட்டி 300 கிராம், தேங்காயின் முதற்பால் 300 மில்லிலீற்றர், ஏலக்காய்த்தூள் அரைத் தேக்கரண்டி, சாதிக்காய் ஒரு சிட்டிகை. சிறு கிண்ணத்தில் 15 வரும். முட்டை சாப்பிடும் 35 பேருக்கு இரண்டரைப் பங்கு, அதாவது முட்டை 15. கருப்பட்டியைச் சீவி அதே பாலில் கரைத்து, ஆறவிட்டு வடித்து, முட்டையை நுரைக்காமல் கலக்குங்கள். நுரையும் கூடிய நெருப்பும்தான் ஓட்டை ஓட்டையாக வரக் காரணம். சிறு கிண்ணங்கள் மெல்லிய நெருப்பில் 20 நிமிடத்தில் அவிந்துவிடும். மேலே அலுமினியத் தாள் கட்டாயம், மூடியிலிருந்து தண்ணீர் சொட்டினால் மேல்பக்கம் குழியாகும்.

அந்த ஐந்து பேருக்குத் தயிரும் கித்துள் பாணியும் வையுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தயிர்ச்சட்டி கிடைக்கிற ஊரில் அதைவிட நல்ல பண்டம் தேடத் தேவையில்லை.

---

வெதுப்பு மேசை பதில்:

கார்னிவல் என்றால் கிங் கேக் என்ற வளைய இனிப்பு ரொட்டி இல்லாமல் எப்படி? நியூ ஓர்லியன்ஸில் ஜனவரி 6இலிருந்து விபூதிப் புதனுக்கு முதல் நாள் வரை வெட்டுவார்கள். 30 லீற்றர் அவனிலும் வரும்.

தாச்சிக்காரி சொன்ன மாவையே எடுத்து, பாலை 160 மில்லிலீற்றராகக் குறைத்து வெண்ணெயை 100 கிராமாகக் கூட்டுங்கள். பொங்கிய மாவை 25க்கு 60 சென்ரிமீற்றராக விரித்து, உருகிய வெண்ணெய் 40 கிராம் பூசி, சீனி 80 கிராமும் கறுவா இரண்டு தேக்கரண்டியும் தூவி, நீளப்பக்கமாக இறுக்கிச் சுருட்டி, முனைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வளையமாக்குங்கள். நடுவில் வெண்ணெய் தடவிய சூடு தாங்கும் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் துவாரம் மூடிவிடும். 175 பாகை, கீழ்த்தட்டு, 28 முதல் 30 நிமிடம். சிறிய அவனில் மேல் கம்பி கிட்ட இருப்பதால் 15 நிமிடத்தில் அலுமினியத் தாளால் மூடவேண்டும். ஒரு வளையம் 20 மெல்லிய துண்டு.

ஐசிங் சீனி 200 கிராமில் பால் இரண்டு மேசைக்கரண்டி விட்டுக் குழைத்து ஊற்றி, அது காயுமுன் நிறச்சீனி தூவவேண்டும். விருந்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்புதான். காலையில் தூவினால் ஈரத்தில் நிறம் வழியும்.

வழக்கமாக உள்ளே ஒளித்து வைக்கும் பிளாஸ்டிக் பொம்மையை வைத்து வேகவிடவேண்டாம். முழு வாதுமைப் பருப்பு ஒன்றை, வெந்த பிறகு அடியிலிருந்து செருகுங்கள். இருக்கிறதென்று எல்லோருக்கும் சொல்லிவிடவேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் துண்டைப் பிரித்துப் பார்த்துக் கொடுங்கள்.

---

தாச்சிக்காரி பதில்:

வெதுப்பு மேசை, இரண்டு வளையம் ஒன்றன்பின் ஒன்றாக அந்த அவனில் வேக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். இரண்டாவது பொங்கி வழிந்துவிடும். நானென்றால் ஒன்று மட்டும் செய்து, பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுப்பேன். பெரியவர்களுக்கு மலாசாடா இருக்கிறதே.

முட்டையும் அவனும் வேண்டாத ஒன்று கூட வேண்டுமென்றால் பிரேசில்காரரின் பிரிகடேரோ என்ற கொக்கோ உருண்டை இருக்கிறது. கார்னிவலுக்கென்றே உரியதில்லை, அங்கே பிறந்தநாள் மேசையில்தான் கட்டாயம் இருக்கும். 390 கிராம் டின்பால், கொக்கோ 30 கிராம், வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே இருந்தால் பத்து நிமிடமளவில் அடியை விட்டுத் திரண்டு வரும், அங்கேயே நிறுத்துங்கோ. முந்தினால் உருண்டை தட்டையாக வழியும், பிந்தினால் டொபியாகிவிடும். 25 உருண்டை வரும்.

---

உவர்மலை அடுப்பு:

மலாசாடா, கடற்பாசி, வட்டிலப்பம், பிள்ளைகளுக்கு ஒரு கிங் கேக், ஐந்து பேருக்குத் தயிர் என்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் மா, 38 வட்டிலப்பக் கிண்ணம், கடற்பாசித் தட்டு எல்லாம் ஒரே குளிர்சாதனப் பெட்டியில் அடங்காது. எதை வெளியே விடலாம்? எண்ணெய் எவ்வளவு வேண்டும், மிஞ்சியதைத் திரும்பப் பாவிக்கலாமா?

---

கழிமுகக் காற்று பதில்:

வட்டிலப்பம் கட்டாயம் உள்ளே. முட்டையும் தேங்காய்ப்பாலும் இந்தச் சூட்டில் ஓரிரவு தாங்காது. ஆறிய கிண்ணங்களை மூடி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு தட்டில் அடங்கும். தயிர்ச்சட்டியைச் சனி காலை வாங்குங்கள். கடற்பாசியையும் சனி காலை ஊற்றி, மூடிச் சமையலறை மேசையிலேயே வையுங்கள், மாலை வரை ஒன்றும் ஆகாது. பால் சேர்த்த அடுக்கு எதுவும் இதில் இல்லாததால்தான் அப்படிச் சொல்கிறேன்.

---

தாச்சிக்காரி பதில்:

மூன்று மாவையும் தனித்தனி வட்டமான சட்டியில் வைக்காமல், எண்ணெய் தடவிய தடித்த பொலித்தீன் பைகளில் தட்டையாக அமர்த்தி, மேலே பொங்க இடம் விட்டுக் கட்டுங்கோ. இடமும் மிஞ்சும், நடுப்பகுதி சீக்கிரம் குளிரும். பெரிய உருண்டையாக வைத்தால் நடு மா இரவு முழுக்கச் சூடாகவே இருந்து புளித்துவிடும். முட்டை இல்லாத பைக்கு அடையாளம் போட மறக்கவேண்டாம்.

26 சென்ரிமீற்றர் தாச்சிக்கு இரண்டு லீற்றர் எண்ணெய். ஆறு சென்ரிமீற்றர் ஆழம் இருந்தால் போதும். தாச்சியைப் பாதிக்கு மேல் நிரப்பவேண்டாம், பிள்ளைகள் ஓடித்திரியும் இடத்தில் அடுப்பை வைக்கவும்வேண்டாம். முடிந்ததும் முற்றாக ஆறவிட்டு, துணியில் வடித்துப் போத்தலில் விட்டால் இன்னொரு தரம் வடை சுடலாம். புகைந்த எண்ணெய், நுரை அடங்காத எண்ணெய் என்றால் வைக்கவேண்டாம். சீனியில் புரட்டிய உருண்டையைத் திரும்ப எண்ணெயில் போட்டாலும் சீனி கருகி எண்ணெய் முழுக்கக் கசக்கும். நிறம் போதாததை முதலே பார்த்துத் திரும்பப் போடுங்கோ.