ஸ்ட்ரூப் தரவு: அனோவாவா, ஃப்ரீட்மனா?

வணக்கம். புள்ளியியல் தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி காட்டுங்க.

முதுகலை ஆய்வுக்காக ஸ்ட்ரூப் சோதனை வைத்தேன். 1935-ல் வந்த அதே சோதனைதான்: 'சிவப்பு' என்ற சொல் நீல எழுத்தில் இருக்கும், எழுத்தின் நிறத்தைச் சொல்லணும். 24 பேர். ஒவ்வொருவரும் அமைதி, இசை, பேச்சொலி என மூன்று சூழலிலும் செய்தார்கள். பழக்கத்தின் தாக்கம் ஒரே சூழலில் குவியாமலிருக்க, ஆறு வரிசைகளுக்கும் நான்கு நான்கு பேராகப் பிரித்தேன். இதுவரை சரி.

சிக்கல் எதிர்வினை நேரத்தில்தான். பரவல் வலப்பக்கம் வால் நீண்டு கிடக்கிறது. தரவு மணி வடிவ இயல்நிலைப் பரவலா என்று பார்க்கும் ஷபிரோ-வில்க் சோதனையில் p (வெறும் தற்செயலில் இப்படி வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே. "இயல்நிலைப் பரவல் இல்லை, ஃப்ரீட்மன் போடு" என்கிறார் நெறியாளர்; அது மதிப்புகளை விட்டுத் தரவரிசையை ஒப்பிடும் சோதனை. ஆனால் மூல மதிப்புகளுக்கு இல்லையே, எச்சங்களுக்குத்தானே (மாதிரி கணித்ததற்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசம்) அந்த நிபந்தனை? மடக்கை எடுத்துப் பார்த்தேன், எச்சங்கள் ஓரளவு ஒழுங்காகின. அப்படியானால், அதே ஆட்களின் சராசரிகளைச் சூழல்வாரியாக ஒப்பிடும் மீள் அளவீட்டு அனோவாவே போதாதா? மௌக்லி சோதனை வேறு, அனோவாவுக்குத் தேவையான கோளத்தன்மை (சூழல் ஜோடிகளின் வித்தியாசங்கள் ஒரே அளவு சிதறுவது) இல்லை என்கிறது. அதை ஈடுகட்டும் கிரீன்ஹவுஸ்-கைசர் திருத்தம் போட்டால் சரியாகுமா, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் மாதிரியிலேயே சேர்க்கும் கலப்பு மாதிரிக்கே நேராகப் போய்விடலாமா?

இன்னொன்று. மூன்று ஜோடி ஒப்பீடுகளில் மிகச் சிறிய p 0.03. பல ஒப்பீடுகளுக்காக எல்லையை இறுக்கும் பான்ஃபெரோனிப்படி எல்லை 0.0167 (0.05-ஐ மூன்றால் வகுத்தது), ஆக அதுவும் தேறாது. எல்லையைப் படிப்படியாகத் தளர்த்தும் ஹோம் முறையிலும் அதே கதை. எந்தச் சோதனை என்று முன்பே எழுதிவைக்காதது என் தப்பு. இப்போது எனக்குச் சாதகமானதைத் தேடுகிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இதை ஆய்வேட்டில் நேர்மையாக எப்படி எழுதுவது? இதே இடத்தில் மாட்டியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.