ப்ரொக்ளெய்ம் = சாற்று?

அன்புள்ள குழுவினருக்கு,

அனௌன்ஸ், டிக்ளேர், ப்ரொக்ளெய்ம் என்ற ஆங்கிலச் சொற்கள் மூன்றுக்கும் தமிழில் 'அறிவி' போதும் என்று நம் குழுவில் ஓர் ஐயா எழுதியிருந்தார். பேச்சுக்குச் சரி. சட்டம், வரலாறு என்று வந்தால் இடிக்கிறது.

1975 ஜூன் மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றது, அது டிக்ளேர். 25ஆம் தேதி இரவு குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது அரசியலமைப்பின் 352ஆவது பிரிவின்படி நெருக்கடி நிலைக்குக் கையெழுத்திட்டார், அது ப்ரொக்ளெய்ம். மறுநாள் காலை இந்திரா வானொலியில் வந்து, குடியரசுத் தலைவர் இப்படிச் செய்திருக்கிறார், பதற்றம் வேண்டாம் என்றார், அது அனௌன்ஸ். எல்லாவற்றுக்கும் 'அறிவி' போட்டால் "குடியரசுத் தலைவர் அறிவித்திருப்பதாகப் பிரதமர் அறிவித்தார்" என்று வந்து நிற்கும். யாருடைய சொல்லால் நாட்டின் நிலை மாறியது, யார் சேதி மட்டும் சொன்னார் என்பது தெரியாது.

அனௌன்ஸுக்கு 'அறிவி' இருக்கட்டும். கணினி நிரல் எழுதும்போது மாறியை (வேரியபிள்) டிக்ளேர் செய்வதற்கும் அதுவே போதும், கம்பைலரிடம் தகவல் சொல்வதுதானே. கிரிக்கெட் டிக்ளேரை யாரும் தொட வேண்டாம்!

நீதிமன்ற டிக்ளேருக்கு நாம் புதிதாக யோசிக்கவே வேண்டியதில்லை. சொத்து வழக்குகளில், உரிமை இன்னாருடையது என்று நீதிமன்றம் சொல்லக் கேட்பதை 'விளம்புகைப் பரிகாரம்' என்று வக்கீல்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெளியாட்களுக்கு விளம்பரம் நினைவுக்கு வரும், நாகர்கோவில்காரர்களுக்குச் சோறு விளம்புவது, அதாவது பரிமாறுவது, நினைவுக்கு வரும். வரட்டுமே.

ப்ரொக்ளெய்முக்கு 'சாற்று' என்பது என் யோசனை. அரசின் ஆணையை ஊரறியச் சொல்வது என்ற பொருள் அதில் பழையது. 'பறைசாற்று' வேண்டாம், "பெருமையைப் பறைசாற்றும் கல்வெட்டு" என்று எழுதி எழுதி அது 'காட்டு' என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. பெயர்ச்சொல் 'சாற்றுரை'. பிரகடனம் எல்லோருக்கும் புரியும்தான், ஆனால் வினையாக்கினால் 'பிரகடனப்படுத்தப்பட்டது' என்று நீளுகிறது. 'சாற்றப்பட்டது' பாதியில் முடிகிறது.

---

ஐயா, வணக்கம்.

நீங்கள் சொன்ன சாற்றுரைக்கு என் ஓட்டு. வினைதான் உறுத்துகிறது. நான் பெருமாள் கோயில் பக்கத்தில் வளர்ந்தவன், அங்கே சாமிக்கு மாலை சாற்றுவார்கள். "குடியரசுத் தலைவர் சாற்றினார்" என்றால் என்ன மாலை என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. தவிர, 'சாற்றில்' என்று வந்தால் எலுமிச்சையா என்ற சந்தேகம் வேறு.

'சாற்றுரை வெளியிட்டார்' என்று வைத்துக்கொள்ளலாமா? செயப்பாட்டு வினையில் மட்டும் நீங்கள் சொன்ன 'சாற்றப்பட்டது' இருக்கட்டும். "நெருக்கடி நிலை சாற்றப்பட்டது" என்பதில் குழப்பம் இல்லை. அப்புறம் இன்னொன்று: பிரகடனத்தைத் திரும்பப் பெறுவதையும் அதே 352 பேசுகிறது. அதற்கு 'சாற்றுரை நீக்கம்' என்பதா, 'விலக்கம்' என்பதா? அதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுவோம்.