புதுப்பிப்பு: அம்மாவின் முழங்கால் ஊசி

ஏற்காட்டில் இருக்கும் அம்மாவின் மூட்டுத் தேய்மானத்துக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஊசி போடலாமா, பிஆர்பி ஊசி போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

சேலத்தில் பார்த்த எலும்பு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நோயாளியின் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மூட்டுக்குள் செலுத்துவதுதான் பிஆர்பி. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்து அதற்கும் வெறும் உப்புநீர் ஊசிக்கும் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குருத்தெலும்புத் தேய்வும் குறையவில்லை. அப்படியிருக்க, "மூட்டு புதிதாக வளரும்" என்று ஆசை காட்டிப் பணம் வாங்குபவர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. டெக்ஸ்ட்ரோஸ் என்பது செறிவான சர்க்கரைக் கரைசல். சிறிய ஆய்வுகளில் வலி குறைந்திருப்பதால் அதை அடியோடு ஒதுக்கவில்லை.

அம்மா இப்போது தினமும் தொடைத்தசைப் பயிற்சி செய்கிறார். சரிவில் இறங்கும்போது கைத்தடி. வலி முழுதாகப் போகவில்லை. ஆனாலும் சந்தைக்குத் தானே நடந்து போய்வருகிறார்.

ஸ்டீராய்டு ஊசி பற்றிக் கேட்டவர்களுக்கு: அது சில வாரங்கள் வலியைத் தணிக்கும். சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும்.