மட்டக்களப்பில் மறைந்தது பாலமா, துறையா?

வாவிக்கரையான்:
நேற்று பின்னேரம் கல்லடிப் புதுப் பாலத்தின் ஓரத்தில் நின்று பழைய பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரு தூரத்திலேயே தெரிகிறது. 1924 இல் கட்டிய இரும்புப் பாலம். அப்போது ஆளுநராக இருந்த வில்லியம் மனிங்கின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம் என்றார்கள். ஊர் அதைக் கல்லடிப் பாலம் என்றுதான் கூப்பிட்டது. 1978 நவம்பர் சூறாவளிக்கும் நின்றது, 2004 கடலுக்கும் நின்றது. 2013 மார்ச்சில் யப்பான் உதவியில் பக்கத்திலே புதுப் பாலம் திறந்தார்கள், அதோடு பழையது அனாதையாகிவிட்டது.

பொத்துவில் அறுகம்குடாப் பாலம் ஆழிப்பேரலையோடு போனது. ஓட்டமாவடியில் வீதி புதுப் பாலத்துக்கு மாறிவிட்டது. மிஞ்சி இருக்கிற இந்த ஒன்றையாவது துரு எடுத்து, வர்ணம் பூசி, நடைபாலமாக வைத்திருக்க வேண்டும். பாலங்கள் போனால் இந்த ஊரின் வரலாறே போய்விடும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

படுவான்கரையான்:
இருக்கிறது. அண்ணன், நீங்கள் எழுதியது பட்டணத்தார் வரலாறு. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீட்டர் நீளம். அதில் நூறு வருசத்துக்கு முதல் இரும்புப் பாலம் கண்டது நீங்கள். எங்களுக்கு மண்முனையில் பாலம் வந்தது 2014 ஏப்ரலில்தான். அதுவரைக்கும் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்குப் போகிற சனமெல்லாம் மண்முனைப் பாதையில் ஏறித்தான் போனது. வரலாறு போகிறது என்றால் போனது எங்கள் துறைதான், உங்கள் பாலம் இன்னும் நின்றுகொண்டுதானே இருக்கிறது!

சின்னவள்:
நான் கல்முனை. 'மண்முனைப் பாதையில் ஏறி' என்றால் வீதியில் ஏறி என்றா? விளங்கவில்லை.

படுவான்கரையான்:
பாருங்கள், இதைத்தான் சொல்கிறேன். தங்கச்சி, எங்கள் பக்கம் பாதை என்றால் வீதி இல்லை. தண்ணீரில் மிதக்கிற தட்டு. ஆளும் சைக்கிளும் நெல்மூட்டையும் ஆடுமாடும் அதில்தான் ஏறும். 'பாதை அங்கால போய்ட்டு', 'கடைசிப் பாதை எத்தனை மணிக்கு' என்பதெல்லாம் எங்கள் வீட்டில் நாளாந்தப் பேச்சு. பாலம் வந்து பத்துச் சொச்ச வருசத்துக்குள் கல்முனைப் பிள்ளைக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. இரும்பு துருப்பிடித்தால் படம் எடுத்துப் போட ஆள் இருக்கு. சொல் துருப்பிடித்தால்?

வாவிக்கரையான்:
தம்பி, சொல் போனது எனக்கும் கவலைதான். அதற்காக இரும்பையும் போக விடுவதா? இரண்டையும் காப்பாற்றலாம் என்கிறேன்.

படுவான்கரையான்:
நான் துறைக்கு ஏங்கி அழவும் இல்லை. எங்கள் மாமிக்கு வயிற்றுவலி வந்த இரவு பாதை நின்றுவிட்டது. விடியும்வரை துறையடியில் இருந்தோம், அங்கால் கரையில் வெளிச்சம் தெரிகிறது, போக வழி இல்லை. போர்க்காலத்தில் அந்தத் தண்ணீர் எல்லைக்கோடு. எழுவான்கரை என்கிற கிழக்குக் கரை ஒருவர் கையில், படுவான்கரை என்கிற எங்கள் மேற்குக் கரை இன்னொருவர் கையில், நடுவில் நாங்கள் பையைத் திறந்து காட்டிக்கொண்டு. ஆகையால் பாலம் வந்தது நல்லது, ஆயிரம் தரம் நல்லது. பாலத்தை மட்டும் வரலாறு என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

உப்புக்காற்று:
வீதி வேலையில் இருபது வருசம் இருந்தவன். இரண்டு பேருக்கும் எதிராகப் பேசப் போகிறேன்.

வாவித் தண்ணீர் உவர். இரும்பு முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தால்கூட அவ்வளவு மோசம் இல்லை. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து இருக்கிற அந்த ஒரு முழத்தில்தான் அரிப்பு கூட. அங்கே வர்ணம் பூசினால் போதாது. பழைய வர்ணத்தையும் துருவையும் மணல் அடித்துக் கழற்ற வேண்டும், ஆணி ஆணியாகப் பார்க்க வேண்டும், சில வருசத்தில் மறுபடியும் முதலில் இருந்து. காசு யார் கட்டுவது? 'பாரம்பரியம்' என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் காணாமல் போவார்கள்.

என் யோசனை: ஒரு கண்ணை, அதாவது இரண்டு தூணுக்கு இடைப்பட்ட பாலத் துண்டை, கழற்றிக் கரையில் தூக்கி வையுங்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

வாவிக்கரையான்:
ஒரு கண்ணைக் கரையில் வைத்தால் அது பாலம் இல்லை ஐயா, இரும்புக் கட்டில். பாலம் என்றால் கீழே தண்ணீர் ஓட வேண்டும். பூரணை இரவில் பாடுமீன் என்கிற வாவிச் சத்தத்தைக் கேட்க வள்ளத்தில் போகிறவர்கள் அந்தப் பாலத்தடியில்தான் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மற்ற நுனியைக் காதில் வைக்கிறார்கள்.

உப்புக்காற்று:
பாடுமீனுக்கும் பாலத்துக்கும் என்ன சம்பந்தம்? எமர்சன் டெனன்ற் என்ற வெள்ளைக்காரர் இந்த வாவிச் சத்தத்தைப் பற்றி 1859 இலேயே அச்சில் எழுதிவிட்டார். அப்போது உங்கள் பாலம் ஏது? பாடுகிறது மீனா, ஊரி என்கிற நத்தையா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை, பாலம் பாடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

வாவிக்கரையான்:
சரி, அதில் நான் தோற்றேன்.

ஓட்டமாவடிக்காரன்:
காக்காமாரே, எங்கட பாலத்தை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள், அது நியாயமில்லை. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928 இல். ஓட்டமாவடியில் ரயிலுக்கும் வாகனத்துக்கும் ஒரே இரும்புப் பாலம், ஒரே பாட்டை. ரயில் வருகிறது என்றால் இரண்டு பக்கமும் மறித்துவிடுவார்கள். பஸ், லொறி, மீன் ஏற்றிய சைக்கிள் எல்லாம் வரிசையாக நிற்கும். அந்த நேரத்துக்குத்தான் கச்சான் விற்கிறவர்களுக்கு யாவாரம். ரயில் போன கையோடு அதே தண்டவாளத்துக்கு மேலால் நாங்கள் சைக்கிள் ஓடுவோம், சில்லு சிக்கினால் விழுந்ததுதான். வீதிக்கு வேறு பாலம் கட்டிய பிறகு பழையது ரயிலுக்கு மட்டும்.

கவனியுங்கள், அது அழியவில்லை. ஏன்? அதில் வேலை இருக்கிறது. ரயில் ஓடுகிறவரைக்கும் பார்க்காமல் விட ஏலாது. கல்லடிக்கும் ஒரு வேலை கொடுங்கள், நிற்கும். அழகுக்கு என்று வைத்தால் உப்புக்காற்று ஐயா சொல்வதுதான் நடக்கும்.

உப்புக்காற்று:
இந்தத் திரியில் இதுவரை வந்ததில் உருப்படியான கதை இதுதான். நடக்கவும் சைக்கிள் ஓடவும் தினமும் சனம் பாவித்தால் பராமரிப்புக் கேட்க ஒரு வாய் இருக்கும். கரையில் ஒரு கண் என்ற யோசனையை நான் இன்னும் கைவிடவில்லை, ஆனால் பின்னுக்குத் தள்ளி வைக்கிறேன்.

இன்னொன்று. பழையதை மூடிவிட்டுத்தான் புதியதைக் கட்டுவேன் என்று நின்றால் என்ன நடக்கும் என்பதற்குக் கிண்ணியா குறிஞ்சாக்கேணி சாட்சி. பாலம் கட்டி முடியுமட்டும் சனம் மிதக்கிற பாதையில் போனது, 2021 நவம்பரில் அது கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்தார்கள். கல்லடியில் அப்படி இல்லை. பக்கத்தில் புதியது எழும்பும்வரை பழைய ஒற்றை வழிப் பாலம்தான் ஊரையே சுமந்தது. அதற்கு நான் தொப்பி கழற்றுவேன்.

சின்னவள்:
நீங்கள் எல்லோரும் இருந்ததைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களுக்கு இன்னும் வராததைப் பற்றி யாராவது பேசுங்கள். கல்முனையில் இருந்து நாவிதன்வெளிக்குப் போகக் கிட்டங்கித் தாம்போதி, வெள்ளம் மேலால் ஓடுகிற தாழ்ந்த வீதிதான். மாரி வந்தால் வீதி தண்ணீருக்குள். மாவடிப்பள்ளியில் 2024 நவம்பரில் வெள்ளம் தாம்போதிக்கு மேலால் பாயும்போது உழவு இயந்திரம் புரண்டு மதரசாப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. அந்தக் கிழமை எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய இரும்புக்கு வர்ணம் பூசும் காசை முதலில் இங்கே கொண்டு வாருங்கள்.

வாவிக்கரையான்:
பிள்ளை, அதற்கு எதிர்ப்பேச்சு என்னிடம் இல்லை. ஆனால் வர்ணக் காசில் தாம்போதியைப் பாலமாக்க முடியாது, அது பெரிய கணக்கு.

உப்புக்காற்று:
பெரிய கணக்குத்தான், காசில் மட்டும் இல்லை. தாம்போதியைத் தாழ்வாகக் கட்டியதே வெள்ளம் மேலால் கடந்து போகட்டும் என்றுதான். மண் நிரப்பி வீதியை உயர்த்தி நடுவில் மட்டும் ஒரு சின்னப் பாலம் வைத்தால் வெள்ளத்துக்கு வாய் சுருங்கும், மேல்பக்க வயலும் வளவும் நிரம்பும். கண்களைக் கூட்டி நீளமாகக் கட்ட வேண்டும், அங்கேதான் எல்லோரும் கையை விரிப்பார்கள்.

படுவான்கரையான்:
தங்கச்சி சொன்னது போலத்தான் எங்கள் மண்டூரும். அங்கால் கரைக் குருமண்வெளிக்குப் பாலம் கேட்டு ஒரு தலைமுறையே கிழண்டு போனது.

வாவிக்கரையான் அண்ணன், உங்கள் பாலத்துக்கு நான் எதிரி இல்லை. ஒன்று கேட்கிறேன், செய்வீர்களா? தலைப்பில் துறையையும் சேருங்கள். மண்முனை, அம்பிளாந்துறை, குருக்கள்மடம், குருமண்வெளி என்று நான் தொடங்குகிறேன். வாகரைப் பக்கம் பனிச்சங்கேணி, காயான்கேணியை ஓட்டமாவடிக் காக்கா எழுதட்டும். எந்தத் துறையில் என்ன ஓடியது, யார் தள்ளியது, எத்தனை சதம் வாங்கினார்கள், தெரிந்த கிழவன் கிழவிகளிடம் கேட்டுப் போடுவோம்.

வாவிக்கரையான்:
தலைப்பை மாற்றிவிட்டேன், மேலே பாருங்கள். ஆனால் கல்லடிப் பாலத்தைக் கழற்ற விட மாட்டேன், அதில் மாற்றம் இல்லை.

ஓட்டமாவடிக்காரன்:
எங்கட வாப்பாவுக்குப் பனிச்சங்கேணி நல்லாத் தெரியும். லொறியையே பாதையில் ஏற்றி இறக்கின கதை சொல்வார். இரவைக்குக் கேட்டு எழுதுகிறேன்.

சின்னவள்:
குருமண்வெளிப் பாதையில் நானும் ஒருக்கா ஏற வேண்டும். மண்டூர்த் திருவிழா நேரம் போனால் இடம் கிடைக்குமா?

படுவான்கரையான்:
கிடைக்காது. சனம் முட்டி வழியும். திருவிழா முடிந்து ஒரு சாதாரண நாளில் வாங்க, மறுகா மோட்டார் சைக்கிளை நடுவில் நிறுத்திவிட்டு ஓரத்தில் இருக்கலாம். செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைங்க, நனையும்.