மறு: மலையிடுக்கில் அணை கட்டி உண்டாகும் ஏரிக்கு என்ன சொல்? "அணைமடு" சரிவருமா?

வணக்கம்.

வவுனியாத் தங்கச்சி கேட்டு நாலு நாளாகிறது. வேலைப்பளுவில் இன்றுதான் எழுத முடிந்தது, குறை நினைக்க வேண்டாம்.

அவர் மொழிபெயர்க்கும் புவியியல் பாடத்தில் வரும் வசனத்தைத் திரும்பவும் இங்கே தருகிறேன். பின்னால் வந்த மடல்களில் அது காணாமற் போய்விட்டது.

> ஆற்றை மறித்து உயர்ந்த அணை கட்டியதால் மலைகளுக்கு நடுவே ஒரு செயற்கை ஏரி உண்டானது.

இந்தச் "செயற்கை ஏரி"க்கு ஒற்றைச் சொல் வேண்டும் என்பதுதான் கேள்வி. இதுவரை மலையேரி, அணையேரி, நீர்த்தேக்கம், மலைக்குளம் என்று நாலு வந்திருக்கின்றன. நான் ஐந்தாவதாக ஒன்று சொல்லப் போகிறேன். அதற்கு முன் இந்த நாலும் ஏன் எனக்கு ஒட்டவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

ஏரி. கோவை நண்பருக்கு ஏரி என்றதும் வீராணம் கண்ணில் நிற்கும், கரையும் மதகுமாக. எங்களுக்கு ஆனையிறவைத் தாண்டும்போது வீதியின் இரு பக்கமும் பளபளக்கிற உப்புத் தண்ணீர்தான் ஏரி, கடல்நீரேரி. மலையேரி என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளை அங்கேயும் உப்பு விளையுமா என்று கேட்கும். கொஞ்சம் மிகைதான். பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளை அப்படிக் கேட்காது. ஆனாலும் நன்னீருக்கு ஏரி என்பது இங்கே வாயில் புழங்கும் சொல் இல்லை. மலைநாட்டில்கூட நுவரெலியாவில் 1873இல் கிரகறி ஆளுநர் கட்டுவித்ததை வாவி என்றுதானே எழுதுகிறோம்.

மலைக்குளம். இதைச் சொன்ன ஐயா முல்லைத்தீவுக்காரர், குளத்துக்குக் கீழே பிறந்து வளர்ந்தவர். அவருக்கு எதிர்ப் பேசுவது எனக்குச் சங்கடம். ஆனால் ஐயா, நீங்களே யோசித்துப் பாருங்கள். கனகராயன்குளம், புளியங்குளம், செட்டிகுளம், பாண்டியன்குளம், மாங்குளம் என்று ஊரெல்லாம் குளமாக இருக்கிற தேசத்தில் குளம் என்ற சொல்லுக்குள் எவ்வளவு கிடக்கிறது? ஒரு மண்கட்டு, அதில் தண்ணீர் திறந்துவிடும் துருசு, ஒரு பக்கம் மிகுதித் தண்ணீர் வழியும் வான், மேலே தண்ணீர் ஏறி இறங்கும் அலைகரை, கீழே வாய்க்காலும் வயலும். இதில் ஒன்று குறைந்தாலும் நாங்கள் குளம் என்று சொல்ல மாட்டோம். உடைந்து காடு பத்திக் கிடப்பதைக்கூட "உடைஞ்ச குளம்" என்போம். ஏனென்றால் கட்டு அங்கே இன்னும் தெரிகிறது.

அந்தக் கட்டுத்தான் விசயமே. வன்னி தட்டையான நிலம். தண்ணீரை மறிக்க வேண்டுமானால் கட்டை நீளமாகப் போட வேண்டும், உயரம் பெரிதாகத் தேவையில்லை. இரணைமடு இந்தப் பகுதியின் பெரிய குளங்களில் ஒன்று. 2018 டிசெம்பரில் திருத்த வேலைக்குப் பிறகு நிரம்பி வான்கதவு திறந்தார்களே, அந்தக் குளத்தின் முழு நீர்மட்டமே 36 அடிதான். மகாவலியை மறித்து 1985இல் முடித்த விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர், எங்கள் கணக்கில் 400 அடி. ஒன்று நீர்மட்டம், மற்றது சுவரின் உயரம், நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் சொல்ல வருவது விளங்கும். எங்கள் குளம் பாய் விரித்த மாதிரி. அது செம்புக்குள் நிற்கிற தண்ணீர்.

இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லித் தந்தது புத்தகம் இல்லை. தர்மபுரத்தில் நான் படிப்பித்த காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் காணியில் ஒரு பாட்டி இருந்தார். மலைநாட்டில் மஸ்கெலியாத் தோட்டத்தில் இருந்தவர். 1977 கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். மவுசாக்கலை அணை கட்டிப் பழைய மஸ்கெலியாப் பட்டினம் தண்ணீருக்குள் போனதைக் கண்ணால் பார்த்தவர். தண்ணீர் வற்றுகிற வருடங்களில் பழைய கோயிலும் பள்ளிவாசலும் புத்தர் சிலையும் வெளியே தெரியும் என்பார். ஒருமுறை அவரை இரணைமடுக் கட்டுக்குக் கூட்டிப் போனோம். கட்டில் ஏறி நின்று அந்தத் தலைப்புக்கும் இந்தத் தலைப்புக்கும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது கொளம் தம்பி. எங்கூருல கட்டு இம்புட்டுத்தான் இருக்கும், சின்னது. மத்தப் பக்கமெல்லாம் மலைதான் கட்டு."

மலைதான் கட்டு. எத்தனையோ வருடமாகிறது, இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதனால்தான் ஐயா, மலைக்குளம் என்று என்னால் எழுத முடியவில்லை.

அடுத்தது நீர்த்தேக்கம். காசல்ரீ நீர்த்தேக்கம், கொத்மலை நீர்த்தேக்கம் என்று அரச ஆவணத்திலும் செய்தியிலும் உறுதியாக உட்கார்ந்துவிட்ட சொல் இது. அதை எழுப்பி அனுப்புகிற எண்ணம் எனக்கில்லை. ஆனால் அது தண்ணீர் செய்கிற வேலையின் பெயர், தண்ணீர் கிடக்கிற இடத்தின் பெயர் இல்லை. தமிழ்நாட்டில் ஊர் முனையில் தூணில் நிற்கிற தொட்டியும் "மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி"தான். எங்கள் பக்கத்தில் அருவியாற்றங்கரையில் தேக்கம் என்றே ஒரு இடம் இருக்கிறது. ஆற்றை அங்கே மறித்துத்தான் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்புகிறார்கள். தண்ணீர் அங்கே தங்குவதில்லை, தடைபட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான். சேமிப்பதும் தேக்கம், மறிப்பதும் தேக்கம். போதாக்குறைக்குப் பொருளாதாரமும் தேக்கம். படகு விடுகிற, மீன் பிடிக்கிற, கரையில் பனி மூடுகிற ஒரு நீர்ப்பரப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எழுதும்போது அந்தச் சொல்லில் சீமெந்து மணக்கிறது.

அணையேரியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நாலில் அதுதான் கிட்ட வருகிறது. முதற்பாதி சரி, இரண்டாம் பாதிக்கு மேலே சொன்ன உப்புப் பிரச்சினை.

சரி, என் சொல்: அணைமடு.

வன்னி ஆறுகள் கோடையில் மணலாகிப் போகும். கனகராயன் ஆற்றில் நடந்தே போகலாம். ஆனால் வளைவுகளில் ஆழமாகக் குடைந்த இடங்களில் தண்ணீர் வற்றாமல் கிடக்கும். மாடு, மான், பன்றி எல்லாம் அங்கேதான் வரும், முதலையும் அங்கேதான் கிடக்கும். அதுதான் மடு. சின்ன வயதில் நாங்கள் நீளமான தடி வெட்டி விட்டுப் பார்ப்போம். தடி நிலத்தில் தட்டினால் அது பள்ளம், குளிக்கலாம். தட்டாமல் கையோடு கீழே போனால் மடு, அப்பா கண்டால் முதுகு உரியும். ஆறு, ஆழம், மறிந்து கறுத்து நிற்கிற தண்ணீர், இந்த மூன்றும் ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. மலையிடுக்கில் அணை கட்டினால் உண்டாவதும் இந்த மூன்றும்தான். ஆறு தானே குடைந்தது மடு, ஆள் அணை கட்டி உண்டாக்கியது அணைமடு.

சொல் வளைந்து கொடுக்கிறதா என்றும் பார்த்தேன். அணைமடுக் கரை, அணைமடு மீன்பிடி, அணைமடுவில் படியும் வண்டல். நாக்கில் இடறவில்லை.

அடிக்க நினைப்பவர்கள் அடிக்கலாம்.

கிளிநொச்சியிலிருந்து,
பழைய வாத்தியார்

*

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம்.

அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள்.

முதலாவது, "மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்" என்று தமிழ்நாட்டில் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். மலை எங்கே, மடு எங்கே என்பதற்குத்தான் அந்த வழக்கே. நீங்கள் மடுவைத் தூக்கி மலைமேல் வைக்கிறீர்கள்.

இரண்டாவதுதான் பெரியது. உங்கள் இரணைமடுவையே எடுத்துக்கொள்வோம். இரணை என்றால் இரட்டை என்று நீங்கள்தான் போன வருடம் இங்கே எழுதினீர்கள். இரண்டு மடு இருந்த இடம். அங்கே ஆற்றை மறித்துக் கட்டியதும் மக்கள் என்ன பெயர் சொன்னார்கள்? இரணைமடுக் குளம்! கட்டு வந்ததும் மடு குளமாகிவிட்டது. மக்கள் மடுவைக் குளமாக்கினார்கள், நீங்கள் திரும்ப மடுவாக்குகிறீர்களே?

எங்கள் பக்கம் முல்லைப் பெரியாற்றை 1895இல் பென்னிகுவிக் மறித்துக் கட்டிய 176 அடி அணைக்குப் பின்னால் மலைக்குள் விரிந்து கிடப்பதைப் பெரியாறு ஏரி என்கிறோம். யாருக்கும் உப்புக் கரிக்கவில்லை. நான் அணையேரிக்கே கை தூக்குகிறேன்.

அப்புறம், தேக்கடிக்குத் தேக்கத்தால் பெயர் வந்தது என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். தேக்கு மரத்தால் வந்த பெயர் என்றுதான் நாங்கள் கேட்டிருக்கிறோம்.

கோவையிலிருந்து

*

கோவைத் தம்பிக்கு,

இரண்டாவது அடி பலமாகத்தான் விழுந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதே எனக்கும் உதவுகிறது. இரணைமடு ஏன் குளமானது? கட்டு போட்டதும் தண்ணீர் மடுவை விட்டு வெளியேறித் தட்டை நிலத்தில் பரந்தது. மேலே அலைகரையும் கீழே வயலும் வந்தன, காலபோகம், சிறுபோகம் என்று இரண்டு நெற்போகமும் வந்தன. பாய் விரிந்துவிட்டது, ஆகவே குளம். மலையில் அப்படிப் பரவ இடமில்லை. தண்ணீர் மேலே மேலே ஏறத்தான் முடியும். ஆழம் கூடக் கூட மடுதானே? அங்கே அதற்குக் கீழே வயலும் இல்லை. மவுசாக்கலைத் தண்ணீர் குழாய் வழியாக மின்சாரத்துக்குப் போகிறது. ஆக, மக்கள் குளம் என்று சொன்ன காரணம் ஒன்றும் அங்கே பொருந்தாது.

மலைக்கும் மடுவுக்கும் என்பதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். ஆனால் பாருங்கள், அணை செய்கிற வேலையே அதுதான். மடு இருக்க முடியாத இடத்தில் மடுவை வைக்கிறது. பிள்ளை அந்த வழக்கை நினைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நன்றாக மனதில் நிற்கும்.

அணையேரி தமிழ்நாட்டுப் பாடத்துக்கு நல்ல சொல், அதில் எனக்கு மறுப்பில்லை. தங்கச்சியின் பாடம் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வாசிக்கப்படப் போகிறது. எனக்கு அந்தப் பிள்ளைகளின் காதுதான் கணக்கு.

தேக்கடி பற்றி நீங்கள் சொன்னதுதான் நானும் கேட்டது.

*

அனைவருக்கும் வணக்கம், கேள்வி கேட்ட குற்றவாளி நான்தான்.

நேற்று இரவு வசனத்தை இப்படி மாற்றினேன்: "ஆற்றை மறித்து உயர்ந்த அணை கட்டியதால் மலைகளுக்கு நடுவே ஆழமான அணைமடு ஒன்று உண்டானது." காலையில் வீட்டில் படிக்கிற பெறாமகனிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் படித்து முடித்தான். முடிந்ததும், "சித்தி, உதில முதலை இருக்குமோ?" என்றான். அந்த நீரில் முதலை இல்லை, ஆனால் அவன் சொல்லைப் பிடித்துவிட்டான் என்று விளங்கியது. ஆகவே அணைமடுவைப் போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும், இப்படியானதைத்தான் நீர்த்தேக்கம் என்றும் சொல்வார்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கோவை அண்ணா கோபிக்க வேண்டாம், அணையேரியைச் சொல்லடைவில் பக்கத்திலேயே வைக்கிறேன்.

இன்னும் ஒன்று, வாத்தியார் ஐயா. பாடத்தில் ஒரு படம் இருக்கிறது. தண்ணீர் இறங்கின காலம். காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே சுற்றிவரப் புல் பூண்டு இல்லாத மண்நிறப் பட்டி ஒன்று தெரிகிறது. அதற்கு என்ன பெயர் எழுத?

*

தங்கச்சிக்கு,

நிரம்பினால் தண்ணீருக்குள் போகும், இறங்கினால் வெளியே கிடக்கும், அந்தப் பட்டிதானே? எங்கள் குளத்தில் என்றால் அதில் மாடு மேயும், வற்றின காலத்தில் ஆட்கள் ஏதாவது போட்டும் எடுப்பார்கள். அங்கே செங்குத்தாக இருப்பதால் வெறும் மண். மற்றப்படி இரண்டும் ஒன்றுதான்.

அலைகரை என்றே எழுதுங்கள். அதற்குப் புதுச் சொல் தேட வேண்டியதில்லை.