இங்கிலாந்தில் படிக்கப் போகும் தங்கச்சி: செய்திகளில் வரும் வெறுப்பை எப்படிச் சமாளிப்பது?

மண்ணடி பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி செப்டம்பர்ல எம்எஸ்சி படிக்க இங்கிலாந்து போறா. ஹிஜாப் போடுறவ. இஸ்லாம்னாலே வன்முறைன்னு காட்டுற செய்திங்க அவ மனசைக் கெடுத்துடுமோன்னு வீட்ல கவலை. என்ன தெரிஞ்சு வச்சுக்கணும்?

காசிமேடு கலை:
பாய், வதந்தி எப்படிக் கிளம்புதுன்னு முதல்ல சொல்லிக் கொடுங்க. 2024 ஜூலை 29 இங்கிலாந்துல சவுத்போர்ட்ங்கற ஊர்ல மூணு சிறுமிகளைக் குத்திக் கொன்னான் ஒருத்தன். வயசு 17ங்கறதால போலீஸ் பேர் சொல்லல. அந்த இடைவெளியில போலியா ஒரு பேரைப் போட்டு, படகுல வந்த முஸ்லிம் அகதின்னு பரப்பிட்டாங்க. மறுநாள் சாயங்காலமே அங்க பள்ளிவாசலைத் தாக்கினாங்க. உண்மையில குத்தினவன் பிரிட்டன்லயே, கார்டிஃப்ல பிறந்தவன்! அதனால எது நடந்தாலும் முதல் ரெண்டு நாள் போலீஸ் அறிவிப்பும் யுனிவர்சிட்டி மெயிலும் போதும். கமென்ட் பக்கமே போக வேண்டாம்.

வண்ணாரப்பேட்டை வக்கீல்:
யாராவது திட்டினா, ஹிஜாபை இழுத்தா, விடக் கூடாது. போலீஸுக்கு உடனடி ஆபத்துன்னா 999, மத்ததுக்கு 101. முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பதிவு பண்ண ‘டெல் மாமா’ன்னு ஒரு அமைப்பு இருக்கு. பஸ்ல நடந்தா ரூட் நம்பர், நேரம், எந்தப் பக்கம் போற பஸ்னு உடனே குறிச்சுக்கணும். சிசிடிவி பதிவு ரொம்ப நாள் நிக்காது, அன்னைக்கே புகார் கொடுக்கணும். ஆன்லைன் மிரட்டல்னா பிளாக் பண்றதுக்கு முன்னாடி ஐடி, தேதி, லிங்க் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட்.

தப்பா எழுதுற பத்திரிகை மேல, அங்க பத்திரிகைகளைக் கண்காணிக்கிற ‘இப்சோ’ அமைப்புல புகார் கொடுக்கலாம், பொதுவா நாலு மாசத்துக்குள்ள. நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான்: இப்சோவோட பாகுபாடு விதி தனி ஆளைக் குறிவச்ச செய்திக்கு மட்டும்தான். மொத்த சமூகத்தையும் இழிவா எழுதியிருக்காங்கன்னு அதுல போட்டா தள்ளிடுவாங்க. ‘இந்தத் தகவல் தப்பு’ன்னு துல்லிய விதியில, வரியைக் காட்டிப் போடணும். கார்டியன் மாதிரி சில பேப்பர் இப்சோவுல இல்ல, நேரா அவங்களுக்கே எழுதணும்.

ராயபுரம் அக்கா:
தம்பி, தூக்கம் கெடுறது, கிளாஸ்ல வாயைத் திறக்காம உட்காருறது, ஹிஜாபோட வெளிய போகவே தயங்குறது, இதெல்லாம் ரெண்டு வாரம் நீடிச்சா யுனிவர்சிட்டி கவுன்சலிங்குக்குப் போகச் சொல்லுங்க. காசு கிடையாது. உயிருக்கு ஆபத்து மாதிரி சில நிலைமை தவிர பொதுவா வெளிய சொல்ல மாட்டாங்க, அதனால விசாவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா சொல்லாம கிளாஸுக்கு மட்டம் போட்டா விசாவுல கை வைக்கும். டியூட்டருக்கு அன்னைக்கே மெயில் போட்டுடணும். விசாவோட ஹெல்த் சர்சார்ஜ்னு அரசு மருத்துவத்துக்கான கட்டணம் கட்டியிருப்பீங்க, அங்க போய்ச் சேர்ந்த வாரமே ஜிபிகிட்ட, அதாவது அந்த ஏரியா குடும்ப டாக்டர்கிட்ட, பதிஞ்சுக்கட்டும். ராத்திரில மனசு தாங்கலன்னா அரசு மருத்துவ உதவி எண் 111 அடிச்சு, மனநல உதவிக்கு 2ஐ அழுத்தணும்.

இன்னொண்ணு, வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல அந்த ஊர் கலவர வீடியோவை ஒருத்தரும் அவளுக்கு ஃபார்வர்ட் பண்ணாதீங்க.