பெரம்பூர் வீட்டு இரட்டைக் குழல் துப்பாக்கி: இரண்டு லட்சமா, அறுபதாயிரமா?

போன மாதம் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கலாமா என்று பெரம்பூரில் ஒரு ஆன்ட்டியைப் பார்க்கப் போனேன். கணவர் ரயில்வேக்காரர், காலமாகிவிட்டார். மாமனார் வாங்கிய பன்னிரண்டு போர் (bore, குழலின் அகல அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வரும்வரை பழவேற்காடு பக்கம் வாத்து சுட எடுத்துப் போவாராம். இப்போது முறைப்படி துப்பாக்கி டீலரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

ஆன்ட்டி மனதில் இருந்த விலை இரண்டு லட்சம். "வெப்ளி அண்ட் ஸ்காட், பர்மிங்காம் சரக்கு" என்று இங்கிலாந்துக் கம்பெனிப் பெயரைச் சொல்லி யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். 1980-களில் இறக்குமதி நின்ற பிறகு சீமைத் துப்பாக்கிக்கு அப்படி ஒரு காலம் இருந்தது உண்மைதான்.

டீலர் கடையில் குழலைத் தனியாகக் கழற்றி, அடிக்கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டினேன். நல்ல குழல் வெண்கலமணி மாதிரி இழுத்து ஒலிக்கும். இது கீறல் விட்ட பானை மாதிரி 'டப்' என்றது. இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையின் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது. நம் பக்கத்து உப்புக்காற்று அந்தச் சந்துக்குள் புகுந்தால் துரு உள்ளேயே குடித்தனம் நடத்தும். டியூப்லைட்டை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தேன். ஒளி வளையங்கள் வட்டமாகத் தெரிய வேண்டும். இடது குழலில், வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே, வளையம் நசுங்கியிருந்தது. அடியில் முத்திரைகளோடு, தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம் என்ற குறி. அதைவிட நீளமான இன்றைய 70 மி.மீ. தோட்டாவும் அதில் நுழைந்துவிடும், அதுதான் வம்பு. சுடும்போது தோட்டாவின் வாய் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

அறுபதாயிரம் சொன்னேன். ஆன்ட்டி முகம் வாடிவிட்டது. என்ன செய்ய? 2019 சட்டத் திருத்தத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. வாரிசாக வந்தாலும் அதே கணக்கு. தாத்தா துப்பாக்கி வேண்டாம் என்கிற பேரன்கள் நிறைய, லைசென்ஸில் இடம் காலியாக உள்ளவர்கள் கொஞ்சம். நீங்கள் யாராவது சமீபத்தில் வாங்கினீர்களா, விற்றீர்களா?

திருவொற்றியூரிலிருந்து:
என் கதையைக் கேளுங்கள் அண்ணே. பெல்ஜியம் துப்பாக்கி ஒன்று, டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்தது, குழல் முழுக்கக் கோரைப்பாய் நெசவு மாதிரி வரி ஓடும். அந்த அழகுக்காகவே 18,000 கொடுத்தேன். பழைய கரிமருந்துக் காலத்துக் குழல், இன்றைய தோட்டாவைத் தாங்காது என்பதால் சுடும் எண்ணமே இல்லை. லேசாகத் துரு இருக்கிறதே என்று பழுது பார்ப்பவர் ஒருவரிடம் விட்டேன். பளபளவென்று பஃப் போட்டு நீட்டினார். வரி போச்சு, லியேஜ் நகரச் சோதனை முத்திரையும் பாதி தேய்ந்துபோச்சு. இப்போது பத்தாயிரத்துக்கும் ஆள் இல்லை.

காசிமேட்டிலிருந்து:
தம்பி, நான் விற்க மாட்டேன், அதனால் விலை தெரியாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் கொண்டுபோய் ஒப்படைத்துத் திரும்ப வாங்குவதில் துப்பாக்கியின் மரக்கட்டையில் ஒரு புதுக் கீறலாவது விழுந்துவிடுகிறது. பழைய வேட்டி சுற்றிக் கொடுத்துப் பார்த்தேன். துப்பாக்கி வந்தது, வேட்டி வரவில்லை. வாங்குகிறவர்கள் கீறலைப் பார்த்து விலையைக் குறைக்காதீர்கள், குழலைப் பாருங்கள்.

மறுபடி நான்:
65,000-க்கு ஒத்துக்கொண்டார்கள். கூடவே ஒரு தோல்பெட்டி உண்டு, மூடிக்குள் தயாரிப்பாளர் சீட்டு கிழியாமல் இருக்கிறது. பெட்டியோடு சேர்ந்தால்தான் சேகரிப்பவனுக்கு மதிப்பு, அதனால் ஐயாயிரம் கூட்டிக் கேட்டுப் பார்த்தேன். "அதுல எங்க மாமனார் பேரு பொறிச்சிருக்கு, அது மட்டும் முடியாதுப்பா" என்றார். சரி என்றுவிட்டேன். பெட்டியில் இப்போது கல்யாண ஆல்பம் இருக்கிறது. எனக்கு அனுமதிக் கடிதம் வரும்வரை துப்பாக்கி டீலரின் இரும்பு அலமாரியில்தான்.